மூட்டத்தில் தேறிய கை

மூடுபனி இறங்கிய நாட்களில் மட்டும் அந்த அக்கா எனக்கு இரண்டு கைகளாலும் வணக்கம் வைப்பார். வெயில் அடித்தால் ஒற்றைக் கைதான். வலது கை முந்தானைக்குள் போய்விடும். இடது கையை நெஞ்சுக்கு நேராக நிறுத்தி, தலையை லேசாகச் சாய்த்து, “வாங்க கண்ணு” என்பார். அந்த வலது கை வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. கைகளைப் பார்ப்பதுதான் என் வேலை என்பதால் அதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அப்போது நான் ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்குப் போகும் மருத்துவ வேனில் பிசியோதெரபிஸ்ட். படிப்பு முடித்ததும் கிடைத்த முதல் வேலை. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பொடிந்து படுத்தவர்கள் வீட்டுக்கே போய்க் கை கால் பயிற்சி கொடுக்க வேண்டும். சேலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை. அடிவாரத்தைத் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வந்தாலே வயிற்றைப் புரட்டும். நோயாளிகளைத் தேடிப் போகிற நான், வேனை விட்டு இறங்கும்போது அவர்களை விட மோசமாக இருப்பேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே எந்த வளைவில் வாந்தி எடுத்தேன் என்று சொல்லிவிடுவார். ஆரஞ்சுத் தோலைக் கசக்கி என் மூக்கருகே நீட்டுவார். “மொதல்ல நீங்க தேறுங்க, அப்பறம் என்னைப் பாக்கலாம்” என்பார்.

வீடு செம்மநத்தத்தில். ஊர்ப் பாதையை விட்டுக் கீழே இறங்கினால் காப்பிச் செடிகளுக்கு நடுவே இருந்தது. அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் வலது பக்கம் இழுத்துக்கொள்ள, அக்கா செடியடியிலேயே விழுந்திருக்கிறார். கால் ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது. கை வரவில்லை. அந்தக் கைக்காக மாதாமாதம் அரசாங்க உதவித்தொகை வந்துகொண்டிருந்தது.

முதல் மூன்று மாதமும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ராகி மாவைப் பிசையச் சொன்னேன், தம்ளரைப் பிடிக்கச் சொன்னேன், துணி கிளிப்பை அழுத்தச் சொன்னேன். எப்போது போனாலும் கை அப்படியே மடங்கி முந்தானைக்குள் இருக்கும்.

“நான் சொன்னதை ஒருநாளாவது செய்யறீங்களாக்கா?”

“செய்யறேனுங்க கண்ணு. அது என்னுமோ சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது.”

சொல்லும்போது முகத்தில் துளி வருத்தம் இருக்காது. சரியான சோம்பேறி என்று முடிவு கட்டினேன். அந்த வயதில் ஆட்களைப் பற்றி முடிவு கட்ட எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் மூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. எதிரே வந்த ஆடு என் முழங்காலில் இடித்த பிறகுதான் தெரிந்தது. தட்டுத் தடுமாறி வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய் நின்றால், அக்கா ஒரு நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார். இரண்டு கைகளாலும். நல்ல முறுக்கு. வலது கையின் ஐந்து விரல்களும் துணியைப் பற்றியிருந்தன. அக்கா என்னைப் பார்த்தார். பதறவில்லை. பிழிந்து முடித்து, உதறி, கொடியில் போட்டார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பி எனக்கு முதல் முறையாக முழு வணக்கம் வைத்தார்.

“திட்டோணும்னா திட்டிக்கோங்க சாமி. ஆனா மெல்லத் திட்டுங்க. மூட்டத்துல ஆள் தெரியாது, சத்தம் போவும்.”

கோபம் வந்தது. அதை விடப் பெரிதாகச் சந்தோஷம் வந்தது. நான் பயிற்சி கொடுத்துத் தேறிய முதல் கை அது. ஓடிப்போய் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு விரலாக நீட்டச் சொன்னேன். நீட்டினார்.

“அப்பறம் வெயில் நேரத்துல எதுக்குக்கா இந்த நாடகம்?”

அக்கா எதிர்ச் சரிவைக் கை காட்டினார். ஒரே வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அங்கே யார் வீடு என்று எனக்குத் தெரியும். முதுகெலும்பு நசுங்கி உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் அங்கே இருந்தார். இந்த மலையில் தேருக்குச் சக்கரம் கிடையாது, தோளில்தான் தூக்க வேண்டும். போன திருவிழாவில் ஒரு பக்கம் ஆள் குறைந்து தேர் சாய, இவர் ஓடிப்போய்த் தோள் கொடுத்திருக்கிறார். யாரோ போனில் போட்டோ எடுத்து, மொட்டைக் கடுதாசியோடு மேலே அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து பணம் நின்றுவிட்டது.

“சாமிக்குத் தோள் குடுத்தான். அன்னைக்கே முதுகு புடிச்சு, மூணு நாளு எந்திரிக்காமப் படுத்துக் கெடந்தான். படுத்துக் கெடந்ததை எவனும் போட்டோ புடிக்கலீங்க” என்றார் அக்கா.

“கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்து செய்யலாமே?”

“பகல்ல கதவைச் சாத்துனா, என்னாச்சு ஏதாச்சுன்னு ஊரே ஊட்டுக்கு வந்துருமுங்க. மூட்டந்தான் எனக்குக் கதவு.”

நான் விடவில்லை. கை நன்றாகிவிட்டால் எஸ்டேட்டுக்கே திரும்பப் போகலாமே, இந்தப் பணத்தை நம்பி ஏன் பயந்து சாக வேண்டும் என்று கேட்டேன். புத்திசாலித்தனமாகக் கேட்டதாக நினைப்பு. அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“முழுசா நல்லாயிட்டாப் போவேனுங்க. பாதி நல்லான கைக்கு, எஸ்டேட்டுக் கூலிக் கணக்கு எழுதற எந்த ரைட்டருங்க பேர் எழுதுவாரு? பாதி தேறுனவளுக்கு எஸ்டேட்லயும் எடமில்ல, சர்க்காருலயும் எடமில்ல. முழுச் சீக்காளியா இருக்கோணும், இல்லீன்னா முழுசா நல்லா இருக்கோணும். நடுவால நிக்கறவளுக்கு என்னுங்க இருக்குது?”

பிறகு அவராகவே சொன்னார். “பணம் நின்னா மகன் வந்து கூட்டிட்டுப் போயிருவான். நல்ல பையன்தானுங்க. ஒரே ரூம்புல நாலு பேரு இருக்கறாங்க. நான் அஞ்சாவதாப் போயி மொடங்கோணும். இந்தப் பணம் வர்றங்காட்டித்தான் என் ஊட்டுல நான் நானா இருக்கறேன்.”

என் நிலைமையோ அவருடையதற்கு நேர்மாறாக இருந்தது. மாதம் எத்தனை பேர் தேறினார்கள் என்று மேலே கேட்பார்கள். ஆட்கள் தேறினால்தான் எனக்கு நல்ல பெயர். அக்காவுக்குத் தேறாமல் இருந்தால்தான் சொந்த வீடு. இரண்டு பேரையும் ஒரே அரசாங்கம்தான் வேலைக்கு வைத்திருந்தது என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை மறைத்தாலும் அக்காவுக்கு நடிக்க வராது. இது அவருடைய பெரிய சங்கடம். கையை மூட முடிந்ததே தவிர முகத்தை வாட வைக்கத் தெரியாது. உதவித்தொகைக்கான சான்றிதழுக்காக முதன்முதலாகச் சேலத்துக்கு டாக்டர்கள் முன்னால் போனபோது, பெட்டியிலிருந்து அரக்கு நிறக் கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, எண்ணெய் தேய்த்துப் படிய வாரி, இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு போயிருக்கிறார். மலையை விட்டு இறங்குகிறோம், பெரிய மனுஷர்களைப் பார்க்கப் போகிறோம், வேறெப்படிப் போவது? இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் போவார்கள். அன்றைக்கு மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நல்லாத்தானம்மா இருக்கீங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது அந்தக் கையில் ஒரு விரல் கூட அசையாது.

அடுத்த தடவை போகும்முன் ஊர்ப் பெண்கள் பாடம் எடுத்திருக்கிறார்கள். தலை வாராதே, கிழிசல் கட்டு, செருப்புப் போடாதே, கேட்டால் அழு. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அதே அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்லவேளையாக அந்த முறை இருந்தவர் சேலையைப் பார்க்கவில்லை, கையைத் தொட்டுப் பார்த்தார். சில வருஷத்துக்குச் சான்றிதழ் கொடுத்து, பிறகு மறுபடி வந்து காட்ட வேண்டும் என்று எழுதினார்.

“சீக்காளியா இருக்கறது என் தலையெழுத்துங்க. சீரழிஞ்சவளாட்ட வேசங் கட்டோணும்னு எந்தச் சட்டத்துல இருக்குது?” என்பார் அக்கா. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு மிடுக்கு வரும்.

கார்த்திகையில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியது. மாவும் தம்ளரும் போதும் என்று, வீட்டைச் சுற்றியிருந்த அவருடைய சொந்தச் செடிகளையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன். மூட்டம் போட்ட நாள் பார்த்து வேன் டிரைவரிடம் கெஞ்சி, செம்மநத்தத்துக்கு முதலில் விடச் சொல்வேன். பழத்தைப் பிடுங்கக் கூடாது, விரலால் லேசாகத் திருகி எடுக்க வேண்டும். காம்பு கிளையிலேயே நிற்க வேண்டும். கணு பிய்ந்து வந்துவிட்டால் அடுத்த வருஷம் அந்த இடத்தில் பூ நிற்காது. எனக்கு இதையெல்லாம் அக்காதான் சொல்லிக் கொடுத்தார். ஒரு காலத்தில் இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் எடுப்பாராம். வலது கை ஒரு கிளை, இடது கை ஒரு கிளை. பக்கத்து நிரையில் நின்ற பெண்கள் இவரை முந்துவதற்காகப் பச்சைக் காயையும் சேர்த்து உருவி ரைட்டரிடம் திட்டு வாங்குவார்களாம்.

முதல் நாள் வலது கையால் எடுத்த பழமெல்லாம் கணுவோடு வந்தது. அக்கா ஒவ்வொரு தடவையும் செடியிடம் மன்னிப்புக் கேட்டார். “தெரியாமச் செஞ்சுட்டேன் தாயி, கையி சரியில்ல.” பத்து நாள், பதினைந்து நாள். மார்கழியில் ஒருநாள் மூட்டத்துக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பழம் அவர் உள்ளங்கையில் இருந்தது. காம்பு கிளையில் அசையாமல் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் சிரித்தோம். அன்றைக்கு அவருடைய பயிற்சி அட்டையில் ‘வலது கையின் ஐந்து விரல்களும் நன்கு இயங்குகின்றன, மிக நல்ல முன்னேற்றம்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

தை கடைசியில் கடிதம் வந்தது. சித்திரையில் மறு பரிசோதனை. பயிற்சி அட்டையையும் கொண்டுவர வேண்டும்.

“அந்த அட்டையில என்னன்னு எழுதியிருக்கீங்க கண்ணு?”

படித்துக் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

“என்னைப் பத்தி இத்தனை நல்லதா ஆரும் எழுதுனதில்லீங்க” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “கொஞ்சம் கொறச்சு எழுத முடியுமுங்களா?” என்றார்.

முடியாது என்றேன். பொய் எழுத மாட்டேன் என்றேன். எழுதினால் என் வேலைக்கு ஆபத்து என்று வேறு சொன்னேன். நேர்மை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால் அதில் பாதிக்குமேல் கர்வம். நான் தேற்றிய முதல் கை. அது தேறவில்லை என்று என் கையாலேயே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்காவுக்கு என் மேல் கோபம் வரவில்லை. என் கன்னத்தைத் தடவினார். “வேண்டாஞ்சாமி. நீங்க பொய் எழுத வேண்டாம், உங்க பொழப்பு கெட்டுப் போவும். நெசத்தையே எழுதுங்க. கடைசியாப் பாக்கறப்ப எப்படி இருக்குதோ, அப்படியே எழுதுங்க” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவே இல்லை.

மாசியும் பங்குனியும் என்னை வேறு வட்டாரத்து முகாமுக்கு மாற்றிப் போட்டிருந்தார்கள். திரும்பி மலையேறியபோது பரிசோதனைக்கு நான்கு நாள்தான் இருந்தது. கோடை மழை பெய்து ஓய்ந்து நல்ல மூட்டம். அக்கா வாசலில் நின்றார். ஒற்றைக் கையால் வணக்கம் வைத்தார்.

“மூட்டம் போட்டிருக்குதேக்கா, கையை எடுங்க” என்றேன். அவர் எடுக்கவில்லை. நானே முந்தானையை விலக்கினேன். பழைய சேலைக் கரையைக் கிழித்து, விரல்களை மடக்கி, முஷ்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். அவிழ்த்தேன். விரல்கள் அவிழவில்லை. உள்ளங்கைத் தோல் வெளுத்து ஊறிப்போய், நகங்கள் பதிந்த இடத்தில் நான்கு தடம் இருந்தது. பலமாக இழுத்தால் அக்காவுக்கு உயிர் போகிற வலி. இரண்டு மாதமாக இரவும் பகலும் கட்டு. குளிக்கும்போது மட்டும் அவிழ்த்திருக்கிறார்.

“அவுத்து வுட்டா, மறந்தாப்புல அதுபாட்டுக்கு விரிஞ்சுக்குதுங்க. டாக்டரு பாக்கறாருன்னு அதுக்குத் தெரியுமா? அதான் கட்டிப் போட்டேன்.”

கத்தினேன். மூட்டத்தில் சத்தம் போகும் என்பதையெல்லாம் மறந்து கத்தினேன். இத்தனை மாத உழைப்பு, உங்களுக்குப் பைத்தியமா, இனி இது விரியாமலே போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கடைசியில் நான்தான் அழுதேன். அக்கா இடது கையால் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அழுகை அடங்கியதும் உள்ளே போய் அட்டையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

“இப்ப எழுதுங்க கண்ணு. நெசமாத்தான இருக்குது?”

எழுதினேன். ‘விரல்கள் இறுகிவிட்டன, விரிக்க இயலவில்லை.’ அதில் ஓர் எழுத்துக் கூடப் பொய் இல்லை.

சேலத்துக்கு நானும் கூடப் போனேன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு அக்கா அதே அரக்குச் சேலையில், மல்லிகையோடு வந்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்து, “கையி சீக்கா இருந்தாப் போதாதுங்களா? சேலையுமா சீக்கா இருக்கோணும்?” என்றார். இறங்கும் வளைவுகளில் நான் வழக்கம்போல் வெளிறிப்போக, கண்டக்டர் என்னைத்தான் நோயாளி என்று நினைத்து ஜன்னல் ஓர சீட்டைக் காலி செய்து கொடுத்தார். “ஏனுங்கம்மா, புள்ளைக்கு என்ன ஒடம்புக்கு?” என்று அக்காவிடம் விசாரித்தார். “வளைவு ஒத்துக்காதுங்க, பாவம்” என்றார் அக்கா.

டாக்டர் நல்ல மனிதர். அக்காவின் கையை மேசை மேல் ஒரு துண்டை விரித்து வைத்து, விரல்களை மெதுவாக நீட்டிப் பார்த்தார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார், அதில் நடிப்பில்லை. அட்டையைப் புரட்டி, நான் இரண்டு கோடு போட்ட இடத்தில் நின்றார். “மார்கழியில அஞ்சு வெரலும் வேலை செஞ்சிருக்கே. அப்பறம் என்னாச்சு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். “மலைக் குளிருங்க சார்” என்றார் அக்கா.

டாக்டர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். “இனி இது சரியாக வாய்ப்பில்லம்மா. நிரந்தரம்னு எழுதியிருக்கேன். இதுக்கு மேல நீங்க பரிசோதனைக்குன்னு அலைய வேண்டாம்.” துக்கச் செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னார். அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவர் குழம்பியிருக்க வேண்டும்.

திரும்பும் பஸ் மலை ஏறத் தொடங்கியதும் அக்கா வலது கையை எடுத்து என் மடியில் வைத்தார்.

“ம், ஆரம்பிங்க.”

முதல் வளைவில் தேய்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு கணுவாக. இருபதாவது வளைவு வரைக்கும் ஒரு விரல் கூட அசையவில்லை. எனக்கும் வாந்தி வரவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். வெந்நீர், ஒத்தடம், விரல்களை நீட்டி வைத்துக் கட்ட வேனிலிருந்து கொண்டுபோன பட்டைச் சட்டம், ராகி மாவு. ஆடியில் கட்டைவிரல் பிரிந்தது. புரட்டாசியில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்ல வந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் வரவில்லை. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். அவை உள்ளங்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கார்த்திகையில் எனக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு போக செம்மநத்தம் போனேன். அன்றைக்கு மூட்டமே இல்லை. சுள்ளென்ற வெயில். எதிர்ச் சரிவில் அந்த முதுகு வலிக்காரர் வாசலில் உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் நாங்களும் தெரிவோம். அக்கா வெட்ட வெயிலில், தன் செடிகளுக்கு நடுவே, இரண்டு கைகளாலும் பழம் எடுத்துக்கொண்டிருந்தார். இடது கை ஒரு கிளை, வலது கை ஒரு கிளை. என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினார். கூப்பிய கையில் இரண்டு விரல் மடிந்தே இருந்தது.

“யாராச்சும் பாத்துடப் போறாங்கக்கா.”

“பாக்கட்டுமே. ஏட்டுல நெரந்தரம்னு ஆயிப்போச்சு, போட்டோ புடிச்சாலும் இந்த மடிஞ்ச வெரலும் சேந்துதான் வுழும். இனிமே மேகம் எப்ப எறங்கும்னு வானத்தப் பாத்துட்டு உக்கார மாட்டேனுங்க.”

பல மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன். “அன்னைக்கு நான் ஒரு வார்த்தை மாத்தி எழுதியிருந்தா அந்த ரெண்டு விரலும் இருந்திருக்கும். என்னால போச்சுக்கா.”

அக்கா அந்தக் கையைத் தன் முகத்துக்கு நேரே தூக்கி, புதிதாகப் பார்ப்பவர் போலத் திருப்பிப் பார்த்தார்.

“அந்த ரெண்டு வெரலு சர்க்காருக்குங்க கண்ணு. மூணு எனக்கு. மூணு போதும், பழம் வருது பாருங்க.”

மூன்று விரலால் ஒரு பழத்தைத் திருகி எடுத்தார். காம்பு கிளையிலேயே நின்றது. பழத்தை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். “கெட்டியாப் புடிச்சுக்கோங்க, வளைவுல வுட்டுறாதீங்க” என்று சொல்லிச் சிரித்தார்.

அடிவாரம் வரைக்கும் இருபது வளைவிலும் கையைத் திறக்கவில்லை. கீழே இறங்கி நின்று விரித்தேன். ஒரு மணி நேரம்கூட மூடியிருக்க மாட்டேன், விரல்கள் வலித்தன. அக்கா இரண்டு மாதம் மூடி வைத்திருந்தார்.